பின்னால் பார்த்து முன்னால் போகிறவர்கள்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் நம் பாட்டிமார்களுக்கு உடையவர் நினைவுதான் வரும். ராமாநுஜர் அவதரித்த தலம் அல்லவா! அதே ஊரின் பெயரைப் பேத்திகளிடம் சொல்லிப் பாருங்கள். கார்த் தொழிற்சாலை, செல்போன் தொழிற்சாலை என்று விரல் விட்டு எண்ணுவார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் ஷிப்டு மாறுகிற நேரத்தில் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் போவதும் வருவதும் பார்க்கத் தகுந்த காட்சி.

அந்த வட்டாரத்துக்கு இன்னொரு செல்வமும் உண்டு. அதுதான் ஏரிகள். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளில்தான் நம் அடையாறு பிறக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி ஜலம் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கம் நிரம்பினால் அதன் உபரி, திருநீர்மலைக்கு அருகே அடையாற்றில் கலக்கிறது. சுமார் 42 கிலோமீட்டர் நடந்து, கோட்டூர்புரம் தாண்டி, கடலைச் சேருகிறது ஆறு.

கடலைச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், வடகரையில், விடியற்காலையில் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை. ஊசி போல் மெலிந்த நீண்ட படகுகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். அதில் உட்கார்ந்திருப்பவர்களோ போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார்கள்! அதுதான் 1867-ம் வருஷம் ஏற்பட்ட சென்னைப் படகுக் கிளப். அடையாற்றில் துடுப்புப் போடும் கலையை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அது காப்பாற்றி வருகிறது.

ஒன்பது பேர் குடித்தனம்

ஆலப்புழைப் படகுப் பந்தயத்தைச் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். 1952-ல் நேரு வந்தபோது நடந்த பந்தயத்திலிருந்து அவர் பெயரிலேயே கோப்பை கொடுத்து வருகிறார்கள். பாம்பு போன்ற அந்த ஓடத்தில் எல்லோரும் முன்னால் பார்த்துத் துழாவுவார்கள். பல்கலைக் கழகங்கள் போட்டியிடும் படகு வேறு ரகம். நீளம் சுமார் அறுபது அடி. அகலம் ஓர் ஆள் உட்காரும் அளவுதான். எட்டுப் பேர் ஆளுக்கொரு துடுப்பு. ஒவ்வொரு துடுப்பும் பன்னிரண்டு அடி இருக்கும். எட்டுப் பேரும் பின்னால் பார்த்து உட்கார்ந்து வலிக்கிறார்கள். ஒன்பதாவது ஆள் ஒருவர்தான் முன்னால் பார்க்கிறவர். சுக்கான் அவர் கையில். வலிக்கிற வேலை அவருக்கு இல்லை, வாயால்தான் வேலை!

நம் கூட்டுக் குடும்பம் மாதிரிதான். எட்டுத் துடுப்பும் ஒரே கணத்தில் நீரில் விழுந்து ஒரே கணத்தில் எழ வேண்டும். ஒருவர் அரைக் கணம் பிந்தினாலும் படகு தள்ளாடும். இதில் தனி ஆள் பலம் காட்டிப் பெயர் வாங்க இடமே இல்லை.

அடையாற்றுப் படகுக்காரர்களுக்குக் கடல் கடந்த சம்பந்தி ஒருவர் உண்டு. கொழும்புத் துடுப்புப் படகுக் கிளப், 1864-ல் பிறந்தது. 1898-ல் இரண்டு பேரும் முதல் தடவையாக மோதிக்கொண்டார்கள். அன்று தொடங்கிய உறவு இன்றும் விடவில்லை. சென்னையில் ஒரு தடவை, கொழும்பில் ஒரு தடவை என்று மாறி மாறிப் பந்தயம் நடக்கிறது. ஆண்களுக்குத் தீபம் கோப்பை. பெண்களுக்கு அடையாறு கோப்பை. ஆம், பெண்களுக்கும் கோப்பை உண்டு. இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்த விஷயம் உலகில் எவ்வளவு சிரமப்பட்டு வந்தது என்று தெரிந்துகொள்ள, இந்த விளையாட்டு வளர்ந்த தேம்ஸ் நதிக்கரைக்குப் போக வேண்டும்.

இரு சிநேகிதர்கள் தொடங்கியது

ஹாரோ பள்ளிக்கூடத்தில் சார்லஸ் மெரிவேல், சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த் என்று இரண்டு மாணவர்கள். இணைபிரியாத தோழர்கள். படிப்பு முடிந்ததும் ஒருவர் கேம்பிரிட்ஜுக்கும் மற்றவர் ஆக்ஸ்போர்டுக்கும் போனார்கள். பிரிந்த சிநேகிதர்கள் மறுபடி சந்திக்க ஒரு சாக்கு வேண்டுமே! ‘உங்கள் படகு பெரிதா, எங்கள் படகு பெரிதா, பார்த்துவிடலாம்’ என்று கேம்பிரிட்ஜிலிருந்து சவால் போயிற்று. 1829 ஜூனில் ஹென்லி என்ற ஊரில் பந்தயம் நடந்தது. வென்றது ஆக்ஸ்போர்டு. 1856 முதல், உலக யுத்தங்களும் 2020-ல் கொரோனாவும் குறுக்கிட்ட வருஷங்கள் போக, வருஷந்தோறும் நடந்து வருகிறது. பட்னியிலிருந்து மார்ட்லேக் வரை ஆறே முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கரையெல்லாம் ஜனக்கூட்டம்!

இருபது நிமிஷத்துக்குள் முடிந்துபோகும் பந்தயத்துக்கு ஏழு மாத காலம் தவம் இருக்கிறார்கள். செப்டம்பரில் பயிற்சி தொடங்கும். பனி கொட்டும் விடியற்காலையில் ஆற்றுக்குப் போய், பிறகு வகுப்புக்கு ஓட வேண்டும். டிசம்பரில் தங்களுக்குள்ளேயே இரண்டு படகாகப் பிரிந்து ஒத்திகை. பிப்ரவரி, மார்ச்சில் கழித்துக் கட்டிக் கட்டி, கடைசியில் ஒன்பது பேர் தேறுவார்கள். பந்தயப் படகில் ஏறியவருக்கு ‘ப்ளூ’ என்ற பட்டம். ஆக்ஸ்போர்டுக்குக் கருநீலம், கேம்பிரிட்ஜுக்கு வெளிர்நீலம். அந்தப் பட்டம் வாங்கியவர் கிழவரானாலும் ப்ளூதான்.

பழைய ப்ளூக்கள் வெறுமனே கரையில் நின்று கைதட்டுகிறவர்கள் அல்ல. பந்தயத்துக்கு நடுவர் யார் தெரியுமா? இரு பல்கலைக் கழகங்களில் ஒன்றின் பழைய ப்ளூதான்! கட்சிக்காரரே நீதிபதி. ஆனாலும் அவர் தீர்ப்பை ஏற்றுக்கொள்கிறார்கள். அப்படி ஒரு நம்பிக்கை, அப்படி ஒரு பரம்பரை.

ஆண்களுக்கு இந்தப் பரம்பரை பிதுரார்ஜிதமாகக் கிடைத்தது. பெண்களுக்கு?

நளினத்துக்கு மார்க்கு!

1927 மார்ச்சில் இரு பல்கலைக் கழகப் பெண்களும் முதன்முதலாக ஆக்ஸ்போர்டில் மோதினார்கள். மோதினார்கள் என்பதே தவறு. இரண்டு படகும் ஒரே சமயத்தில் ஆற்றில் இறங்கக் கூடாது என்று பெரியவர்கள் உத்தரவு. ஓட்டத்தோடு போகும்போது துடுப்புப் போடும் நளினத்துக்கு மார்க்கு. எதிர்த்து வரும்போது வேகத்துக்கு மார்க்கு! பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்லி, நடக்கச் சொல்லிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. கரையிலே கூட்டம் வேறு. கேலி செய்யவும் எதிர்ப்புக் காட்டவும் வந்த கூட்டம்.

அதற்குப் பிறகு நடந்தும் நடக்காமலும் இழுத்துக்கொண்டிருந்த பெண்கள் பந்தயம் 1964-லிருந்துதான் ஒழுங்காக வருஷந்தோறும் நடக்கத் தொடங்கியது. ஆனால் தேம்ஸின் பிரதான பந்தயத் தடத்தில் இடமில்லை. ஹென்லியில் தனியே, ஆள் அரவமில்லாமல், குறுகிய தூரம். உடுப்புக்குக்கூடச் சொந்தப் பணம்தான். இடையில் 1981-ல் ஆக்ஸ்போர்டு ஆண்கள் படகுக்குச் சூ பிரவுன் என்ற மாணவி சுக்கான் பிடித்தார். எட்டு ஆண்களை ஒரு பெண் அதட்டி ஓட்டுவதை உலகமே வியந்து பார்த்தது. அந்த வருஷம் ஆக்ஸ்போர்டுக்கு வெற்றி.

கடைசியில் வழி திறந்தவர் ஒரு பழைய மாணவி. பெயர் ஹெலினா மாரிஸி. கேம்பிரிட்ஜில் தத்துவம் படித்து, லண்டனில் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் தலைவியாக உயர்ந்தவர். ஒன்பது குழந்தைகளின் தாய். வீட்டிலேயே ஒரு படகு நிறைய ஆள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! 2011-ல் அவருடைய நிறுவனம் பெண்கள் பந்தயத்துக்குப் பொருளுதவி செய்ய முன்வந்தது. பிறகு, அந்த நிறுவனத்தின் தாய் நிறுவனமான வங்கி ஆண்கள் பந்தயத்தையும் ஆதரிக்கும் பேச்சு எழுந்தபோது, பெண்களுக்கும் அதே அளவு பணம், அதே ஆறு, அதே நாள் வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு அவர் பாடுபட்டார்.

2015 ஏப்ரல் 11. முதல் பந்தயம் நடந்து 88 வருஷங்களுக்குப் பிறகு, பெண்கள் அதே பட்னியில், அதே தடத்தில், ஆண்கள் போட்டியிட்ட அன்றே இறங்கினார்கள். ஆக்ஸ்போர்டுப் பெண்கள் ஜயித்தார்கள். ஆனால் அன்று தோற்றவர் யாரும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மறு வருஷம் நடந்தது இன்னும் உருக்கமானது. காற்றும் அலையும் மிகுந்து கேம்பிரிட்ஜ் பெண்களின் படகில் தண்ணீர் ஏறிவிட்டது. ஜயிக்கும் நம்பிக்கை அறவே போய்விட்டது. ஒதுங்கிக்கொள்ளும்படி நடுவர் சைகை காட்டினார். சுக்கான் பிடித்த பெண் கையை உயர்த்தி, ‘போகவிடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார். பாதி முழுகிய படகை வலித்துக்கொண்டே எல்லையைத் தொட்டார்கள். அடுத்த வருஷம், 2017-ல், கேம்பிரிட்ஜ் பெண்கள் 18 நிமிஷம் 33 விநாடியில் வந்து, பெண்கள் பந்தயத்தில் அதுவரை இல்லாத வேகம் காட்டி வென்றார்கள்!

2021-ல் ஆண்கள் பந்தயத்துக்கு நடுவராக நின்றவர் சாரா விங்க்ளெஸ். கேம்பிரிட்ஜின் பழைய ப்ளூ. 2004 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். ஆண்கள் பந்தயத்தில் பெண் நடுவர் அவரே முதல்வர். நளினத்துக்கு மார்க்குப் போட்ட காலம் போய், ஆண்களுக்குப் பெண் தீர்ப்புச் சொல்லும் காலம் வந்துவிட்டது.

வெந்நீருக்கு ஒரு போராட்டம்

அமெரிக்காவில் யேல் பல்கலைக் கழகத்துப் பெண்கள் பட்ட பாடு வேறு. குளிர் காலப் பயிற்சி முடிந்ததும் ஆண்கள் வெந்நீரில் குளித்து உடை மாற்றிக்கொண்டு வருவார்கள். பெண்களுக்குக் குளியலறை கிடையாது. நனைந்த துணியோடு, நடுங்கிக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். கேட்டுக் கேட்டுப் பயனில்லை. கல்விக்கூடங்களில் ஆண், பெண் வித்தியாசம் கூடாது என்ற சட்டம் 1972-லேயே வந்திருந்தது. 1976 மார்ச் 3-ம் தேதி, கிரிஸ் எர்ன்ஸ்ட் என்ற வீராங்கனையின் தலைமையில் பத்தொன்பது பெண்கள் அதிகாரியின் அறைக்குள் போனார்கள். உடையைக் களைந்து, உடம்பில் மையால் எழுதியிருந்த அந்தச் சட்டத்தின் பெயரைக் காட்டியபடி நின்று தங்கள் குறையை வாசித்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் முகத்தைச் சுளிக்கலாம். ஆனால், ‘நீங்கள் சுரண்டுவது இந்த உடம்பைத்தான், ஜுரம் வருவது இந்த உடம்புக்குத்தான்’ என்று வேறு எப்படித்தான் சொல்வது? செய்தி பத்திரிகையில் வந்து நாடெங்கும் பரவியது. பெண்களுக்கு அறையும் வெந்நீரும் வந்து சேர்ந்தன.

இதில் ஒரு தமாஷ். வெந்நீருக்குப் போராடிய எர்ன்ஸ்ட் பிற்காலத்தில் என்ன தொழில் செய்தார் தெரியுமா? தண்ணீர்க் குழாய் பொருத்தும் பிளம்பர் வேலை!

ஐம்பது வருஷ சிநேகம்

பல்கலைக் கழகத்தை விட்ட பிறகும் படகை விடாதவர்கள் கதை ஒன்று சொல்லி முடிக்கிறேன். அமெரிக்காவில் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக் கழகத்து ஒன்பது வாலிபர்கள் 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்குக்குத் தேர்வானார்கள். அவர்களில் ஜோ ரான்ட்ஸ் என்பவரை வீட்டார் சிறு வயதிலேயே தனியே விட்டுப் போய்விட்டார்கள். தன் கையே தனக்கு உதவியென்று வளர்ந்தவர். தேர்வாகியும் கப்பல் செலவுக்குப் பணமில்லை. ஐயாயிரம் டாலர் கட்ட வேண்டும் என்றார்கள். சியாட்டில் ஜனங்கள் சில நாளில் வசூல் செய்து கொடுத்துவிட்டார்கள். பெர்லினில் ஹிட்லரின் கண்ணெதிரே இத்தாலியை 0.6 விநாடியில் பின்தள்ளித் தங்கம் வாங்கினார்கள்.

அதற்குப் பிறகு அவரவர் வேலை, கல்யாணம், குழந்தை குட்டி. ஆனால் சந்திப்பதை மட்டும் விடவில்லை. பத்து வருஷத்துக்கு ஒரு முறை, அதே பழைய படகை இறக்கி ஏரியில் வலிப்பார்கள். ஐம்பதாவது ஆண்டான 1986-ல் கடைசி முறையாக ஏறினார்கள். தலையெல்லாம் நரை. துடுப்பு விழுந்ததோ ஒன்றாகத்தான். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். படகு இன்றும் அந்தப் பல்கலைக் கழகத்தின் படகுக் கொட்டகையில் தொங்குகிறது. 

மேட்டிலிருந்து வரும் நீர்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, ஏரிகளுக்கும் குறைவில்லை. அந்தக் கல்லூரிகளிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் நம் பெண்கள் சம்பாதித்துத் தலை நிமிர்ந்து வருகிறார்கள். தான் ஏறி வந்த படியைப் பின்னால் வருகிறவளுக்குக் கொஞ்சம் அகலப்படுத்திக் கொடுப்பதுதான் பழைய மாணவியின் கடமை. ஒரு ஜோடிக் காலணி, ஒரு மாதப் பஸ் கட்டணம், ஒரு பூட்டுப் போட்ட குளியலறை எதுவானாலும் சரி.

அடையாற்றில் துடுப்புப் போடும் பெண்களுக்குத் தண்ணீர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகளிலிருந்துதான் வர வேண்டும். மேலே இருப்பவர்கள் நல்ல நீராக விட்டால் கீழே நல்ல நீர் ஓடும். கழிவை விட்டால் கழிவுதான் ஓடும். இது ஆற்றுக்கு மட்டுமா?

படகில் பின்னால் பார்த்து உட்காருவது வந்த வழியை மறக்காமல் இருப்பதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. படகு என்னவோ முன்னால்தான் போகிறது!