பிளஸ் டூ முடித்ததும் கம்பெனி வேலை... அப்புறம்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் லைன் வேலைக்கு ஆள் எடுக்கும் நோட்டீஸ்களைப் பாருங்கள்: பிளஸ் டூ, 18 வயது, இலவச பஸ், கேன்டீன் சாப்பாடு. டிகிரி கேட்பதில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிப்பைத் தொடங்கியது முதல் வளர்ந்துவரும் இந்தத் தொழில் வட்டாரம் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளம் தருகிறது. பலரது படிப்பு நின்றுபோவதும் அந்தச் சம்பளத்தால்தான்.

ஏன் கல்லூரிக்குப் போவதில்லை?

கூலிக் குடும்பத்துக்கு மூன்று வருடப் படிப்பு என்றால் ஃபீஸ் மட்டுமல்ல, மூன்று வருடச் சம்பளமும் போகிறது. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படிக்கலாம் என்றால், ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. நைட் ஷிஃப்ட் முடித்து வருபவரால் காலை வகுப்பில் கண் விழித்து உட்கார முடியாது.

அனுபவம் கைகொடுக்காதா?

லைனில் ஆளுக்கு ஒரு ஸ்டேஷன். ஸ்குரு முடுக்குபவர் நாள் முழுக்க அதையேதான் செய்வார். மெஷின் நின்றால் கைவைப்பவர் ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்த மெயின்டனன்ஸ் ஆள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா செல்போன் ஆலை 2014 நவம்பர் 1-ல் உற்பத்தியை நிறுத்தியபோது இது பட்டவர்த்தனமானது. பிளஸ் டூ சான்றிதழோடு உள்ளே போன பெண்கள் பலர் அதே சான்றிதழோடு வெளியே வந்தார்கள்.

அப்ரண்டிஸாகச் சேர்ந்தாலும் நிரந்தரம் உறுதியில்லை. 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அவர் பயிற்சியாளர்தான், தொழிலாளர் அல்ல.

அரசு என்ன செய்கிறது?

அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்து மேற்படிப்பில் சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் (2022) மாதம் 1,000 ரூபாய் தருகிறது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024). ஐடிஐ, டிப்ளமோவுக்கும் உண்டு. கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தர 'நான் முதல்வன்' இருக்கிறது. உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதத்தில் தமிழ்நாடு 47 சதவீதம், இந்தியா 28.4 (2021-22).

ஆனால் இவை பெரும்பாலும் படிக்கப் போனவர்களுக்கு. ஏற்கெனவே லைனில் நிற்பவருக்கு?

என்ன செய்யலாம்?

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கேயே பாலிடெக்னிக் வகுப்பு நடத்தலாம். ஒரே பாடத்தைக் காலையும் மாலையும் எடுத்தால் எந்த ஷிஃப்ட் ஆனாலும் வகுப்பு தப்பாது. தேர்வுக்குச் சம்பளத்தோடு லீவு தருவதைச் அரசுச் சலுகை பெறும் நிறுவனங்களுக்கு நிபந்தனையாக்கலாம். நிலமும் மின்சாரமும் பேசி முடிக்கும் ஒப்பந்தங்களில் இதற்கும் ஒரு வரி சேர்த்தால் போதும்.