சொரியாசிஸ் ஊசி: விலை இறங்கியது, எட்டியது யாருக்கு?

உலகில் அதிகம் விற்கும் மருந்துகளின் பட்டியலில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது ஹுமிரா. அதிலுள்ள அடாலிமுமாப் என்ற புரதம் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு 2002 இறுதியிலும், சொரியாசிஸுக்கு 2008-லும் ஒப்புதல் பெற்றது. இந்த மருந்துக்கு நிகரான முதல் பயோசிமிலர் கடைக்கு வந்தது நம் நாட்டில்தான். 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் சைடஸ் காடிலா நிறுவனம், அமெரிக்க விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு ‘எக்ஸெம்ப்டியா’ என்ற பெயரில் அதை வெளியிட்டது. ஐரோப்பாவுக்கு அப்படி ஒரு மருந்து வர 2018 அக்டோபர் ஆனது. அமெரிக்காவுக்கு 2023 ஆனது.

முந்திக்கொண்ட நாட்டில் எல்லாருக்கும் முதலில் எட்டியிருக்க வேண்டுமே? அப்படி நடக்கவில்லை. ஏன் என்று பார்க்கும் முன், நோயைப் பற்றிக் கொஞ்சம்.

தோல் அவசரப்படும் நோய்

தோலின் மேலடுக்குச் செல்கள் புதிதாகப் பிறந்து உதிர்வதற்கு வழக்கமாக ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் அது சில நாட்களில் முடிந்துவிடுகிறது. உதிர நேரமில்லாத செல்கள் வெள்ளிச் செதில்களாகக் குவிகின்றன. காரணம் அழுக்கும் அல்ல, கிருமியும் அல்ல. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தவறாகத் தூண்டப்படுவதுதான். தொட்டால் ஒட்டாது. இதை எத்தனை முறை சொன்னாலும், பக்கத்தில் உட்காரத் தயங்குபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பலருக்கு மேற்பூச்சுக் களிம்பு, ஒளிச் சிகிச்சை, வாரம் ஒருமுறை சாப்பிடும் மெதோட்ரெக்ஸேட் ஆகியவையே போதும். இவற்றுக்கு அடங்காதவர்களுக்கும், ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், மூட்டுகளும் பாதிக்கப்பட்டவர்களுக்கும்தான் அடாலிமுமாப் போன்ற பயாலஜிக் ஊசிகள். அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் போன்ற ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பிடித்து நிறுத்துவது இவற்றின் வேலை.

அச்சுப் பிரதி அல்ல

பாராசிட்டமாலை எந்த ஆலை தயாரித்தாலும் மூலக்கூறு ஒன்றே. அடாலிமுமாப் அப்படியல்ல. ஆஸ்பிரினைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு எடையுள்ள இந்தப் புரதத்தை, வெள்ளெலி வகை ஒன்றிலிருந்து பெற்று வளர்க்கும் செல்களுக்குள் உருவாக்குகிறார்கள். ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே கை என்றாலும் இட்லி மாவு தினமும் ஒரே மாதிரி புளிப்பதில்லையே, அதுபோலத்தான். புரதத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் தொகுதிக்குத் தொகுதி சற்றே மாறும். பலர் கவனிக்காத விஷயம், அசல் மருந்திலும் இந்த வேறுபாடு உண்டு என்பது. பயோசிமிலரின் வேறுபாடு அந்த எல்லையைத் தாண்டவில்லை, சிகிச்சைப் பலனிலும் பாதுகாப்பிலும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை என்று ஆய்வகத்திலும் மனிதர்களிடமும் காட்டிய பிறகே ஒப்புதல் கிடைக்கும். ஐரோப்பா இதற்கான நெறிமுறையை 2005-லும் இந்தியா 2012-லும் வகுத்தன.

டென்மார்க் செய்ததும் அமெரிக்கா செய்யாததும்

டென்மார்க்கில் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஆம்கிராஸ் என்ற ஒரே அமைப்பு ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. அடாலிமுமாப் காப்புரிமை முடிந்ததும், 2018 நவம்பரில் பயோசிமிலருக்கு மாறினார்கள். டிசம்பரிலேயே பயன்பாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பயோசிமிலர். செலவு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சரிந்தது.

அமெரிக்காவில் முதல் அடாலிமுமாப் பயோசிமிலருக்கு 2016 செப்டம்பரிலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளும் சமரச ஒப்பந்தங்களும் வழிமறித்ததால் அது விற்பனைக்கு வந்தது 2023 ஜனவரியில். வந்த விதமும் விநோதம். ஒரே மருந்துக்கு இரண்டு விலை! ஹுமிராவைவிட 5 சதவீதம் குறைவாக ஒன்று, 55 சதவீதம் குறைவாக இன்னொன்று. எந்த மருந்துக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்கும் என்று முடிவுசெய்யும் இடைநிலை நிறுவனங்கள், தயாரிப்பாளரிடம் தள்ளுபடி வாங்கிச் சம்பாதிப்பவை. பட்டியல் விலை உயர்ந்தால் தள்ளுபடியும் பெரிதாகும். அவற்றுக்காகத்தான் அந்த 5 சதவீத விலை. ஒன்பது பயோசிமிலர்கள் போட்டிக்கு வந்தும், 2023 முடிவில் அவற்றின் பங்கு 2 சதவீத அளவில் நின்றது. 2024 ஏப்ரலில் அந்த இடைநிலை நிறுவனங்களில் ஒன்றான சிவிஎஸ் கேர்மார்க் தன் முக்கியப் பட்டியல்களிலிருந்து ஹுமிராவை நீக்கிய பிறகுதான் நிலைமை அசைந்தது. மருந்து மலிவாக இருந்தது. அதை மலிவாக வாங்க விரும்புபவர் மேசையில் இல்லை.

இந்தியாவில் மேசையே இல்லை என்பது என் கருத்து. இங்கே பல நிறுவனங்கள் இந்த ஊசியைத் தயாரிக்கின்றன, விலையும் இறங்கியிருக்கிறது. ஆனால் சொரியாசிஸுக்கான வழக்கமான அளவு தொடக்கத்தில் 80 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து 40, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40. ஆண்டுக்கு இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஊசிகள். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் கைகொடுக்கிறது. வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பெரும்பாலும் கைக்காசுதான். அதனால் தோல் தெளிந்ததும் நிறுத்துவது, திரும்பியதும் தொடங்குவது என்று ஓட்டுகிறார்கள். அப்படி விட்டுவிட்டுப் போட்டால், மருந்துக்கு எதிராகவே உடல் எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கிப் பலனைக் குறைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அசல் மருந்தானாலும் இதே கதிதான்.

மாற்றினால் நோய் திரும்புமா?

நன்றாக இருப்பவரிடம் “வேறு கம்பெனி ஊசி” என்றால் பயம் வருவது இயல்பு. நார்வே அரசின் நிதியில் நடந்த நார்-ஸ்விட்ச் ஆய்வில், இன்ஃப்ளிக்சிமாப் என்ற இன்னொரு பயாலஜிக் மருந்தை எடுத்துக்கொண்டிருந்த 482 பேரில் ஒரு பாதியினர் அசலிலேயே தொடர்ந்தார்கள், மறுபாதியினர் பயோசிமிலருக்கு மாறினார்கள். ஓராண்டில் நோய் மோசமானவர்கள் அசலில் சுமார் 26 சதவீதம், மாறியவர்களில் சுமார் 30. முன்பே வகுத்த வரம்புக்குள் இந்த இடைவெளி அடங்கியது. அதில் சொரியாசிஸ் நோயாளிகள் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் டென்மார்க்கில் அடாலிமுமாப் மாற்றத்துக்கு உள்ளான சொரியாசிஸ் நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோது, ஓராண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஊசியைத் தொடர்ந்தார்கள். அசலில் இருந்தவர்களின் கணக்கும் அதேதான்.

மருந்து மாறியது என்ற எண்ணமே சிலருக்கு அரிப்பையும் வலியையும் கூட்டும். நோசீபோ விளைவு என்பார்கள். அதற்காக எல்லா வலியையும் மனப்பிரமை என்று தள்ளக் கூடாது. சிட்ரேட் உப்பு கலந்த தயாரிப்புகள் ஊசி போட்ட இடத்தில் உண்மையாகவே அதிகம் எரியும். சிட்ரேட் இல்லாத பயோசிமிலர்களும் உண்டு, மருத்துவரிடம் கேட்கலாம்.

ஊசிக்கு முன்னும் பின்னும்

விலையைவிட முக்கியமான ஒன்று காசநோய். டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசி, உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோய்க் கிருமியை எழுப்பிவிடக்கூடும். அசல், பயோசிமிலர் இரண்டுக்கும் இது பொருந்தும். எனவே மார்பு எக்ஸ்ரே, மாண்டூ அல்லது இக்ரா பரிசோதனை, மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனைகள் இல்லாமல் தொடங்கக் கூடாது. உறங்கும் காசநோய் தெரிந்தால் முதலில் அதற்கு மருந்து, பிறகுதான் இது. ஊசி எடுத்துவரும் காலத்தில் விடாத இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஊசியின் பெட்டியில் உள்ள வணிகப் பெயரையும் தொகுதி எண்ணையும் ஒவ்வொரு முறையும் எழுதிவையுங்கள், அல்லது போனில் படம் எடுத்துவையுங்கள். ஒரே அடாலிமுமாப் பல பெயர்களில் கிடைப்பதால், ஒவ்வாமை வந்தால் எந்த நிறுவனத்தின் எந்தத் தொகுதி என்று தெரிந்தால்தான் மருத்துவரால் முறையாகப் புகார் பதிய முடியும். மருந்துக்கடைக்காரர் “அது இல்லை, இதுவும் அதேதான்” என்று வேறொன்றைக் கொடுத்தால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்க வேண்டாம்.