குதிரையில்லாத வண்டி

ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் இருவரும் பிரிட்டனில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நகைச்சுவை எழுதிய இரட்டையர்கள். 1954 முதல் 1961 வரை அவர்களுடைய முதன்மையான வேலை டோனி ஹான்காக் என்ற ஒரே நகைச்சுவை நடிகருக்கு எழுதுவதுதான். ஏழு ஆண்டுகள் சோறு போட்ட அந்த வேலை 1961இல் கையை விட்டுப் போனது. அடுத்த சில மாதங்களுக்குள் இருவரும் எழுதிய ஓர் அரைமணி நாடகத்திலிருந்து 'ஸ்டெப்டோ அண்ட் சன்' என்ற தொடர் பிறந்தது. அதுவரை நகைச்சுவைக் கலைஞர்களை நம்பியிருந்த தொலைக்காட்சி நகைச்சுவை, நாடக நடிகர்களின் கைக்கு வந்ததில் இந்தத் தொடருக்குப் பெரும் பங்கு உண்டு.

சானடோரியத்தில் தொடங்கிய எழுத்து

சிம்ப்சன் 1929இலும் கால்டன் 1930இலும் லண்டனில் பிறந்தவர்கள். இருவரும் சந்தித்துக்கொண்டது 1948இல், சர்ரே மாவட்டத்து மில்ஃபோர்டு காசநோய் சானடோரியத்தில். அப்போது இருவருக்கும் இருபது வயது ஆகவில்லை. காசநோய்க்கு அந்நாளில் ஓய்வே பெரும்பகுதி மருத்துவம். மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே கிடக்க வேண்டியிருந்தது. பொழுதுபோக்கு என்றால் வானொலி ஒன்றுதான். இரண்டு இளைஞர்களும் நகைச்சுவை நிகழ்ச்சிகளைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். எது சிரிக்க வைக்கிறது, ஏன் வைக்கிறது என்று பேசிப் பேசியே நெருக்கமானார்கள்.

சானடோரியத்துக்குள் நோயாளிகள் தங்களுக்கென ஒரு சிறு ஒலிபரப்பு நடத்திவந்தார்கள். கால்டனும் சிம்ப்சனும் சேர்ந்து முதலில் எழுதியது அதற்குத்தான். அப்போது புகழ்பெற்றிருந்த ஃபிராங்க் மியூர், டெனிஸ் நார்டன் என்ற எழுத்தாளர் இணைக்குக் கடிதம் எழுதி யோசனை கேட்டார்கள். எழுதியதை பிபிசிக்கு அனுப்பிப் பார்க்கும்படி பதில் வந்தது. அனுப்பினார்கள், கதவு திறந்தது. 1951இல் டெரக் ராய் என்ற நகைச்சுவையாளரின் வானொலி நிகழ்ச்சிக்குத் துணுக்குகள் எழுதத் தொடங்கினார்கள். டோனி ஹான்காக் அறிமுகமானது அங்கேதான்.

1954இல் ஸ்பைக் மில்லிகன், எரிக் சைக்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 'அசோசியேட்டட் லண்டன் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற எழுத்தாளர் கூட்டமைப்பை இருவரும் தொடங்கினார்கள். ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஒரு காய்கறிக் கடையின் மாடிதான் அதன் முதல் அலுவலகம். இருவரும் எழுதும் முறை எளிமையானது. சிம்ப்சன் தட்டச்சு செய்வார். இருவரும் ஒப்புக்கொண்ட வரி மட்டுமே தாளில் ஏறும். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் பிடிக்காவிட்டால் வாதம் கிடையாது. அடுத்த வரி வரும்வரை மௌனம்தான். சில நாள்களில் அந்த மௌனமே பெரும்பொழுதைத் தின்றுவிடும்.

ஹான்காக்கின் அரைமணி நேரம்

1954 நவம்பரில் பிபிசி வானொலியில் 'ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்' தொடங்கியது. அதற்கு முன்பு வானொலி நகைச்சுவை என்றால் தனித்தனித் துணுக்குகள், நடுநடுவே பாட்டு, இசைக்குழு என்று ஒரு கதம்பமாக இருக்கும். கால்டனும் சிம்ப்சனும் பாட்டை எடுத்தார்கள், துணுக்குகளை எடுத்தார்கள். அரைமணி முழுவதும் ஒரே கதை, ஒரே மனிதன்.

அந்த மனிதனுக்கும் ஹான்காக் என்றே பெயர். கிழக்கு சீம் என்ற கற்பனைப் பகுதியில் 'ரயில்வே கட்டிங்ஸ்' தெருவின் 23ஆம் எண் வீட்டுக்காரன். தன்னை மேதை என்று நம்புகிறவன். எதைத் தொட்டாலும் துலங்காதவன். 1958இல் வந்த ஒரு நிகழ்ச்சியில் நடப்பதெல்லாம் இவ்வளவுதான்: ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வெளியே மழை, வீட்டில் இருப்பவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. பெருமூச்சும் கொட்டாவியும் நீண்ட இடைவெளிகளும் வசனத்தோடு வசனமாக எழுதப்பட்டிருந்தன. ஒலி நின்றால் கேட்பவர் நிலையத்தை மாற்றிவிடுவார் என்று அஞ்சிய வானொலியில் இது பெரிய துணிச்சல்.

வானொலியில் நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் வந்தன. 1956 முதல் தொலைக்காட்சியிலும் சேர்ந்து ஓடியது. கூட நடித்தவர்களில் சிட் ஜேம்ஸுக்குத் தனிச் செல்வாக்கு. ஹான்காக்கின் பகட்டை ஒரே பார்வையில் இறக்கிவிடும் பாத்திரம் அவருடையது. மக்கள் இருவரையும் ஒரு ஜோடியாகவே பார்க்கத் தொடங்கினார்கள். ஹான்காக்குக்கு அது பிடிக்கவில்லை. 1961 தொடரில் ஜேம்ஸ் இல்லை.

அந்த மாற்றத்துக்கு எழுத்தாளர்கள் தந்த விடை வியப்பானது. 1961 தொடரின் முதல் நிகழ்ச்சியில் திரையில் ஹான்காக்கைத் தவிர வேறு யாருமே இல்லை. வாடகை அறையில் ஒருவன் தனியாகப் பொழுதைக் கழிக்கிறான். பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் தத்துவ நூலை எடுக்கிறான். சொல்லுக்குச் சொல் அகராதியைப் புரட்டுகிறான். முடியாமல் மூடி வைக்கிறான். இருபத்தைந்து நிமிடமும் இப்படியே. அதே தொடரில்தான் இரத்ததானம் செய்யப் போகும் கதையும் வந்தது. ஏதோ சில துளி கேட்பார்கள் என்று பெருந்தன்மையோடு போனவன், எவ்வளவு எடுப்பார்கள் என்று தெரிந்ததும் நடுங்கும் காட்சி பிரிட்டிஷ் மக்களின் பொது நினைவில் பதிந்துவிட்டது. அதன் ஒத்திகைக்கு முன்பு ஹான்காக் கார் விபத்தில் சிக்கியிருந்தார். வசனத்தை மனப்பாடம் செய்ய முடியாமல் எழுத்துப் பலகைகளைப் பார்த்துப் படித்தே அதில் நடித்தார்.

கைவிடப்பட்ட வேலை

ஹான்காக்கின் கண் அடுத்து சினிமாமீது இருந்தது. உலகம் முழுவதும் தன்னை அறிய வேண்டும் என்று விரும்பினார். கால்டனும் சிம்ப்சனும் அவருக்காகத் திரைக்கதைகள் எழுதினார்கள். ஒன்றும் அவருக்கு நிறைவு தரவில்லை. பல மாத உழைப்பு வீணானது. 1961இன் பிற்பகுதியில் ஹான்காக் இருவரையும் விட்டு விலகினார். ஆக, வேலையைத் துறந்தவர்கள் அவர்கள் அல்லர். வேலைதான் அவர்களைத் துறந்தது. ஆனால் அடுத்து வந்த வாய்ப்பை எந்தப் பக்கம் திருப்புவது என்பது அவர்கள் கையில் இருந்தது.

இழப்பு பெரியதுதான். இன்னொருவருக்கென்று எழுதுபவரின் மூலதனம் அந்த இன்னொருவரின் குரலும் முகமும். ஒரு வாக்கியத்தை ஹான்காக் எங்கே நிறுத்துவார், எந்தச் சொல்லில் புருவத்தை உயர்த்துவார் என்று ஏழு ஆண்டு பழகிய காது இருவருடையது. அந்தப் பழக்கம் ஒரே நாளில் செல்லாக்காசானது. மிஞ்சியது மேசைக்கு எதிரே இருந்த மற்றவர் மட்டும்.

பிபிசியின் இலகு நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர் டாம் ஸ்லோன் அவர்களை அழைத்தார். பத்து அரைமணி நாடகங்கள். என்ன வேண்டுமானாலும் எழுதலாம். யாரை வேண்டுமானாலும் நடிக்கவைக்கலாம். 'காமெடி பிளேஹவுஸ்' என்ற தலைப்பில் 1961 டிசம்பரில் அந்த வரிசை தொடங்கியது. வாரம் ஒரு கதை, வாரம் ஒரு நடிகர் குழு. ஒரே பாத்திரத்தில் ஏழு ஆண்டு உழன்றவர்களுக்கு அது விடுதலையாக இருந்தது.

வண்டி நகரவில்லை

நான்காவது நாடகத்துக்குக் கதை அகப்படவில்லை. தெருத்தெருவாகக் குதிரைவண்டியில் போய்ப் பழைய துணி, இரும்பு, ஓட்டை உடைசல்களை வாங்கி விற்கும் இரண்டு பேரை வைத்து எழுதலாமா என்று கால்டன் விளையாட்டாகக் கேட்டார். சிம்ப்சன் தள்ளிவிட்டார். வேறு எதுவும் தோன்றாமல் போகவே அதற்கே திரும்பினார்கள். சில பக்கங்கள் எழுதிய பிறகுதான் அந்த இரண்டு பேரும் அப்பாவும் மகனும் என்பது முடிவானது. 1962 ஜனவரி 5 அன்று 'தி ஆஃபர்' என்ற பெயரில் அது ஒளிபரப்பானது.

ஆல்பர்ட் ஸ்டெப்டோ கிழவர். ஹரால்ட் முப்பது கடந்தும் மணமாகாத மகன். வீடு என்பது காயலான் கடைச் சாமான்களுக்கு நடுவே ஓர் இடம். தனக்கு வேறொரு நல்ல வாய்ப்பு வந்திருப்பதாகவும் வீட்டை விட்டுப் போகப்போவதாகவும் ஹரால்ட் அறிவிக்கிறான். தனக்குரிய சாமான்களை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றுகிறான். அப்பா ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்க்கிறார். குதிரையைத் தர மறுத்துவிடுகிறார். ஹரால்ட் தானே வண்டியை இழுக்கிறான். அது அசையவில்லை. மூச்சைப் பிடித்து மீண்டும் இழுக்கிறான். அசையவில்லை. வண்டியோடு ஒட்டி நின்றபடியே விம்முகிறான். கிழவர் வந்து, இன்னொரு நாள் போகலாம் என்பதுபோல் தேற்றி, தேநீர் குடிக்க உள்ளே அழைத்துப் போகிறார்.

நகைச்சுவை நிகழ்ச்சி என்று பார்க்க உட்கார்ந்தவர்கள் அந்தக் கடைசி நிமிடத்தில் சிரிக்கவில்லை. இருவரும் இதில் நகைச்சுவைக் கலைஞர்களைத் தேர்ந்தெடுக்காமல் நாடக நடிகர்களைத் தேர்ந்தெடுத்ததே காரணம். ஹரால்டாக நடித்த ஹாரி எச். கார்பெட் ரங்கூனில் பிறந்தவர். ஜோன் லிட்டில்வுட்டின் நாடகக் குழுவில் தேறியவர். அப்பாவாக நடித்த வில்ஃப்ரிட் பிராம்பெல் டப்ளின்காரர். கிழவராகத் தோன்றிய அவருக்கு அப்போது வயது 49தான். மகனாக நடித்தவரைவிட 13 வயது மூத்தவர், அவ்வளவே. கார்பெட் உண்மையாகவே கண்ணீர்விட்டதைக் கண்டு தாங்கள் திகைத்ததைக் கால்டனும் சிம்ப்சனும் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள்.

நகைச்சுவைக் கலைஞர் எந்தப் பாத்திரத்திலும் தன் முகத்தை வைத்துக்கொள்வார். மக்கள் பார்க்க வருவது அதைத்தான். சிரிப்பு எங்கே விழும் என்று கணக்கிட்டு அவருக்கு எழுத வேண்டும். நாடக நடிகருக்கு அந்தக் கணக்குத் தேவையில்லை. பாத்திரம் எங்கே போகிறதோ அங்கே அவரும் போவார். சிரிப்பு வந்தால் வரட்டும். கால்டனும் சிம்ப்சனும் செய்த மாற்றத்தின் சாரம் இதுதான். எழுதும் கைகள் பழையவை. எழுதும் முறையும் பழையது. எழுதப்படும் ஆள் மட்டும் மாறினார். ஹான்காக்கிடம் தொடங்கிய மௌனமும் பெருமூச்சும் ஸ்டெப்டோ வீட்டில் முழு நாடகமாக வளர்ந்தன.

தொடரும் அதன் பயணமும்

டாம் ஸ்லோன் உடனே தொடராக எழுதச் சொன்னார். இருவரும் தயங்கினார்கள். ஒரே கதையில் மாட்டிக்கொண்ட ஆண்டுகள் இன்னும் மறக்கவில்லை. நடிகர்கள் சம்மதித்தால் பார்க்கலாம் என்று பதில் சொன்னார்கள், நாடக நடிகர்கள் மறுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில். அவர்களோ சம்மதித்துவிட்டார்கள். 1962 ஜூனில் தொடங்கிய தொடர் 1965 வரை நான்கு பருவங்களும், 1970 முதல் 1974 வரை இன்னும் நான்கு பருவங்களும் வந்தது.

1964 அக்டோபர் 15 பொதுத்தேர்தல் நாளில் மாலையில் ஸ்டெப்டோ ஒளிபரப்பாக இருந்தது. வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர்கள் வாக்குச்சாவடிக்குப் போகாமல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுவார்கள் என்று தொழிற்கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன் அஞ்சினார். நிகழ்ச்சியைத் தள்ளிவைக்க பிபிசியிடம் கேட்டுக்கொண்டார், நேரம் மாற்றப்பட்டது. அந்தத் தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்த பெரும்பான்மை 4 இடங்கள்.

தொடரின் வடிவம் வெளிநாடுகளுக்கும் போனது. அமெரிக்காவில் 'சான்ஃபோர்டு அண்ட் சன்' என்ற பெயரில், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் வாழும் ஒரு கறுப்பினத் தந்தை, மகன் கதையாக 1972 முதல் 1977 வரை என்பிசியில் ஓடியது. நெதர்லாந்திலும் சுவீடனிலும் அந்நாட்டு மொழிகளில் எடுக்கப்பட்டது.

பிரிந்தவர்களும் சேர்ந்திருந்தவர்களும்

எழுத்தாளர்களை விட்டுப் போன ஹான்காக், 1963இல் வேறு எழுத்தாளர்களோடு ஐடிவி தொலைக்காட்சியில் தொடர் நடத்தினார். பழைய வெற்றி திரும்பவில்லை. 1968 ஜூனில் சிட்னியில், 44 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஸ்டெப்டோ நடிகர்களுக்கும் தொடர் ஒரு கூண்டாகவே அமைந்தது. கார்பெட்டை ஹரால்டாக மட்டுமே பார்த்துப் பழகிய மக்கள், அவர் முன்பு நடித்துவந்த கனமான வேடங்களுக்கு அவரைத் திரும்ப விடவில்லை.

சிம்ப்சன் 1978இல் எழுதுவதிலிருந்து ஓய்வு பெற்றார். கால்டன் ஜானி ஸ்பெய்ட் முதலான வேறு எழுத்தாளர்களோடு சேர்ந்து தொடர்ந்து எழுதினார். 2000ஆம் ஆண்டில் இருவருக்கும் ஓபிஇ விருது வந்தது. 2016இல் பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சிக் கலை அமைப்பான பாஃப்டா தன் உயரிய சிறப்பான ஃபெலோஷிப்பை இருவருக்கும் சேர்த்தே அளித்தது. சிம்ப்சன் 2017 பிப்ரவரியிலும் கால்டன் 2018 அக்டோபரிலும் காலமானார்கள். இருவரும் சேர்ந்து எழுதியது 30 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. மில்ஃபோர்டில் தொடங்கிய நட்பு நீடித்ததோ ஏறத்தாழ 69 ஆண்டுகள்.