முடக்குவாதமும் மனச்சுமையும்

நெடுநாள் முடக்குவாதத்தால் வருந்துவோரைச் சந்திக்கச் செல்லும் நாம், அந்நோய் மனத்திலிருந்தே பிறக்கிறது என எண்ணிவிடலாகாது. சிகாகோ நகர உளப்பகுப்பாய்வாளர் பிரான்ஸ் அலெக்சாண்டர், 1950-இல் வெளியிட்ட நூலில், அடக்கிவைத்த கோபத்தை இந்நோயுடன் தொடர்புபடுத்தினார். அதே ஆண்டில், கார்ட்டிசோன் மருந்தினால் இந்நோயின் வேதனை தணிவதைக் கண்டறிந்த பிலிப் ஹென்ச் நோபல் பரிசில் பங்கு பெற்றார். உடலின் தற்காப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால் இந்நோய் உண்டாகிறது என்பது இன்று தெளிவு. ஆயினும் கவலையும் உறக்கமின்மையும் வலியை மிகுவிக்கக்கூடும். வலியோ மீண்டும் கவலையை வளர்க்கிறது. எனவே நோயுற்றவரின் குணத்தில் குற்றம் தேடுவோமாயின், யோபின் நண்பர் செய்த தவற்றையே நாமும் செய்தவராவோம். மருத்துவத்தைக் கைவிடாதிருக்க அவரை ஊக்குவித்து, அவர் துயரைப் பொறுமையுடன் செவிமடுப்பதே நமது பணி.