சந்தையின் வாயில் யாருடையது?

அமெரிக்க நாட்டின் நடுவே மிசிசிப்பி என்னும் பேராறு ஓடுகின்றது. அதன் மேலைக் கரையில் செயின்ட் லூயிஸ் நகரம் அமைந்துள்ளது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் 24 ரயில்வேக் கம்பெனிகளின் இருப்புப் பாதைகள் அந்நகரை வந்தடைந்தன. ஆனால் ஆற்றைக் கடப்பதற்கிருந்த பாலங்களும், படகுத் துறையும், நகரின் நிலையமும் 14 கம்பெனிகள் கூடி அமைத்த ஒரே சங்கத்தின் கையில் அடங்கியிருந்தன. ஏனைய கம்பெனிகள் அந்தச் சங்கத்தின் தயவின்றி ஆற்றைக் கடத்தல் இயலாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1912-ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. சங்கத்தைக் கலைத்தே தீரவேண்டும் என்று நீதிமன்றம் கூறவில்லை. பிற கம்பெனிகளும் நியாயமான நிபந்தனைகளின் பேரில் அதில் சேரவும், அவ்வசதிகளைப் பயன்படுத்தவும் வழி செய்யவேண்டும் என்றே பணித்தது.

இன்று கூகிள், ஆப்பிள், அமேசான், மெட்டா முதலிய பெருந்தளங்களின் மீது உலக நாடுகள் பலவற்றில் நடைபெறும் வழக்குகளின் கருப்பொருள் ஏறக்குறைய இதுவேயாம். பாலத்துக்கு உடையவனே அதன்மேல் வண்டியும் ஓட்டுவானாயின், பிறர் வண்டிகளின் கதி என்ன? இதுதான் வினா.

போட்டிச் சட்டம் என்பது புதியதன்று. அமெரிக்காவில் ஷெர்மன் சட்டம் 1890-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பெற்றது. அதன் கீழ் ஸ்டாண்டர்டு ஆயில் என்னும் எண்ணெய்க் கம்பெனி 1911-ஆம் ஆண்டில் 34 கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது. நம் நாட்டில் ஏகபோகத்தைத் தடுக்க 1969-ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அதன் இடத்தைக் கொள்ளுமாறு 2002-ஆம் ஆண்டில் போட்டிச் சட்டமும் இயற்றப்பட்டன. இச்சட்டங்களைப் பற்றி ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். பெரிதாய் இருத்தல் குற்றமன்று. சரக்கின் தரத்தாலும் விலையின் நயத்தாலும் ஒருவன் சந்தையில் முதலிடம் பெறுவானாயின் சட்டம் குறுக்கே நில்லாது. பெற்ற இடத்தைக் கொண்டு பிறர் வரும் வழியை அடைப்பானாயின் அப்போதுதான் சட்டம் எழுந்து வரும்.

அவ்வாறாயின் பழைய சட்டமே போதாதோ என்று கேட்கலாம். இணையத் தளங்களுக்குச் சில தனி இயல்புகள் உண்டு. முதலாவது, கூட்டமே கூட்டத்தைச் சேர்த்தல். நண்பர் அனைவரும் ஒரு செய்திச் செயலியில் இருக்கும்போது, வேறொன்று எத்துணைச் சிறந்ததாயினும் அதில் தனியே சென்று அமர எவரும் விரும்புவதில்லை. இரண்டாவது, விலையின்மை. ஏகபோகத்தின் கேட்டை நெடுங்காலமாக விலையேற்றத்தைக் கொண்டே அளந்து வந்தனர். தேடுபொறிக்கோ முகநூலுக்கோ நாம் காசு கொடுப்பதில்லை. நம் கவனத்தையும், நம்மைப் பற்றிய விவரங்களையுமே கொடுக்கின்றோம். பழைய அளவுகோல் இங்கே பயன்படாது. மூன்றாவது, பயன்படுத்துவோர் பெருகப் பெருகத் தரவு பெருகுதல். அத்தரவு கருவியைக் கூர்மையாக்கும். கூர்மையான கருவி மேலும் பலரை ஈர்க்கும். பின்வந்தவன் இவ்வட்டத்துக்குள் நுழைதல் அரிது.

இவற்றினும் முக்கியமானதொரு குறை காலத்தைப் பற்றியது. 2006-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஃபவுண்டெம் என்னும் சிறு தளம் தொடங்கப்பெற்றது. ஒரே பொருள் எக்கடையில் என்ன விலைக்குக் கிடைக்கும் என ஒப்பிட்டுக் காட்டுவது அதன் பணி. கூகிள் தேடுபொறியில் அது பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2009-ஆம் ஆண்டில் அதன் நிறுவனர் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டனர். 2010-இல் முறையான விசாரணை தொடங்கிற்று. 2017-இல் முடிவு வந்தது. கூகிள் தன் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையை முதற்பக்கத்தின் உச்சியில் வைத்ததையும், போட்டியாளருள் முன்னணியில் நின்றோரும் சராசரியாக நான்காம் பக்கத்தில்தான் தோன்றினர் என்பதையும் ஆணையம் கண்டது. 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் முடிந்து, ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதனை இறுதியாக உறுதி செய்தது 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில். முறையிட்ட ஃபவுண்டெமோ 2016-லேயே மூடப்பட்டுவிட்டது. அபராதத் தொகை பெரியதுதான். ஆயினும் பயிர் கருகிய பின் மழை பெய்து என்ன பயன்?

இந்த அனுபவமே ஐரோப்பாவைப் புதிய நெறிக்குத் திருப்பிற்று. தவறு நிகழ்ந்த பின் ஆராய்ந்து தண்டிப்பது பழைய முறை; இன்னின்னது செய்யலாகாது என முன்கூட்டியே விதித்துவிடுவது புதிய முறை. 2022-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் சந்தைகள் சட்டம் இம்முறையைச் சார்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மாதந்தோறும் 4.5 கோடிப் பயனரும், ஆண்டுதோறும் 10,000 வணிகப் பயனரும் உடையதாய், 750 கோடி யூரோ ஆண்டு வருவாயோ 7,500 கோடி யூரோ சந்தை மதிப்போ கொண்ட நிறுவனம் 'வாயிற்காவலர்' எனக் கருதப்படும். 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆல்ஃபபெட், அமேசான், ஆப்பிள், பைட்டான்ஸ், மெட்டா, மைக்ரோசாஃப்ட் என்னும் ஆறு நிறுவனங்கள் இவ்வாறு அறிவிக்கப்பட்டன. இவர்கள் தம் சரக்கைப் பிறர் சரக்கினும் முன்னிறுத்தலாகாது. ஒரு சேவையில் திரட்டிய தனிவிவரங்களைப் பயனரின் இசைவின்றி மற்றொன்றோடு சேர்த்தலாகாது. தம் கடைக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும் என்று விற்பனையாளர் சொல்வதைத் தடுத்தலாகாது. மீறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் நூற்றுக்குப் பத்து வரை அபராதம் விதிக்கலாம். 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் இச்சட்டத்தின் கீழ் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோவும், மெட்டாவுக்கு 20 கோடி யூரோவும் அபராதம் விதிக்கப்பட்டன.

பிற நாடுகளும் வாளாவிருக்கவில்லை. ஜெர்மனி 2021-ஆம் ஆண்டிலேயே தன் சட்டத்தைத் திருத்திற்று. அதே ஆண்டில் தென்கொரியா, செயலிக் கடைகள் தம் கட்டண முறையையே பயன்படுத்துமாறு வற்புறுத்துவதைத் தடை செய்தது. சீனாவில் அலிபாபா நிறுவனம், தன் தளத்தில் விற்போர் போட்டித் தளத்திற் கடை வைத்தலாகாது என நெருக்கியமைக்காக, 2021-ஆம் ஆண்டில் 1,800 கோடி யுவானுக்கு மேல் அபராதம் விதிக்கப்பெற்றது. பிரிட்டனின் புதிய சட்டம் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், கைபேசி மென்பொருள் பற்றிய ஜப்பானியச் சட்டம் அவ்வாண்டு டிசம்பரிலும் முழு நடைமுறைக்கு வந்தன.

அமெரிக்கா மட்டும் பழைய ஷெர்மன் சட்டத்தையும் நீதிமன்றத்தையுமே நம்பி நிற்கின்றது. கைபேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே இயல்பாக அமைந்திருக்கும் பொருட்டு, கூகிள் 2021-ஆம் ஆண்டில் மட்டும் 2,600 கோடி டாலருக்கு மேல் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்தது வழக்கில் வெளிப்பட்டது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகிள் ஏகபோகத்தைச் சட்ட விரோதமாகக் காத்து வந்தது எனத் தீர்ப்பளித்தார். ஆயினும் 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் பரிகாரம் கூறுங்கால், குரோம் உலாவியை விற்குமாறு அரசாங்கம் கேட்டதை அவர் ஏற்கவில்லை. தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடுத்து, தேடல் தரவிற் சிலவற்றைத் தகுதியுள்ள போட்டியாளருக்குத் தருமாறு பணித்தார். செயற்கை நுண்ணறிவின் வருகை சந்தையையே மாற்றத் தொடங்கிவிட்டது என்பதை அவர் கருத்திற் கொண்டார்.

மெட்டா 2012-ஆம் ஆண்டில் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கும், 2014-ஆம் ஆண்டில் வாட்ஸாப்பை 1,900 கோடி டாலருக்கும் வாங்குவதாக அறிவித்தது. வளர்ந்து போட்டியிடக் கூடியோரை முளையிலேயே விலைக்கு வாங்கிவிட்டது என அரசாங்கம் 2020-இல் வழக்குத் தொடுத்தது. 2025-ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வழக்கில் மெட்டாவே வென்றது. டிக்டாக்கும் யூடியூபும் வலிமையோடு நிற்கும்போது மெட்டாவை இன்று ஏகபோகி என்றல் பொருந்தாது என்றார் நீதிபதி. வழக்கு நடந்த ஐந்தாண்டுகளில் சந்தை வேறு உருக்கொண்டிருந்தது. காலத்தாழ்வு முறையிட்டவரை மட்டுமன்றி வழக்கையும் வலுவிழக்கச் செய்யும் என்பது இதனாற் போதரும்.

நம் நாட்டின் நிலையையும் நோக்குவோம். திருமணத் தகவல் தளம் நடத்தும் சென்னை நிறுவனமாகிய மேட்ரிமோனி டாட் காம் 2012-ஆம் ஆண்டில் இந்தியப் போட்டி ஆணையத்திடம் கூகிளைப் பற்றி முறையிட்டது. நுகர்வோர் அமைப்பொன்றும் முறையிட்டது. 2018-ஆம் ஆண்டில் ஆணையம் கூகிளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; கூகிள் மேல்முறையீடு செய்தது. 2022-ஆம் ஆண்டில், ஆண்ட்ராய்டு கைபேசி செய்வோரிடம் தன் செயலிகளைத் திணித்தமைக்காக அதற்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சட்டத்தில் மற்றொரு முக்கியத் திருத்தமும் வந்தது. முன்பு, கைமாறும் நிறுவனத்தின் சொத்தையும் வருவாயையும் கொண்டே ஆணையத்தின் அனுமதி தேவையா என்று பார்ப்பர். வருவாயற்ற இளந்தளத்தைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினால் அவ்வலையில் அது சிக்காது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பேரம், அந்நிறுவனத்துக்கு இந்தியாவில் கணிசமான தொழில் இருக்குமாயின், ஆணையத்தின் முன் வந்தாக வேண்டும். ஐரோப்பிய முறையைத் தழுவிய டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவும் அவ்வாண்டு மார்ச்சில் வெளியிடப்பெற்றது.

அவ்வரைவை எதிர்ப்போர் சொல்வதையும் ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. முன்கூட்டியே விதிக்கும் தடைகள் நல்ல புதுமையையும் சேர்த்துத் தடுக்கும் என்பர். கடையின் கதவுகளைப் பலவாக்கினால் திருடனும் நுழைவான் எனக் காப்புக் குறைவை எடுத்துக் காட்டுவர். இன்று பெரியோராய் இருப்போரைக் கண்டு வகுத்த விதி நாளை வளரும் உள்நாட்டு நிறுவனத்தையும் கட்டிவிடும் என்பர். இவை அனைத்தும் விதியை எங்ஙனம் வகுப்பது என்பதற்கு எச்சரிக்கைகளேயன்றி, விதியே வேண்டா என்பதற்குக் காரணங்களாகா.

இச்சட்டங்களின் வெற்றியை அபராதத் தொகையைக் கொண்டு அளத்தல் தவறு. பெருநிறுவனம் அதனைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு வழக்கம்போல் நடக்கலாம். புதிய கருத்தோடு வரும் சிறு வணிகன், வாயில் காப்போனின் தயவை நாடாமல் சந்தைக்குள் புக முடிகின்றதா, அவன் முறையிட்டால் அவன் கடை திறந்திருக்கும்போதே நீதி வந்து சேர்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்.