தம்புள்ளையின் பெயரில் ஓர் அணி: மாத்தளையின் பிள்ளைகளுக்கு அதில் என்ன பங்கு?

விளையாட்டு இன்று பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து, பெரும் முதலீடுகள் புழங்கும் தொழிற்றுறையாக வளர்ந்து நிற்கிறது. ஊர்களின் பெயர்கள் அணிகளுக்குச் சூட்டப்படுகின்றன. வீரர்கள் ஏலத்தில் வாங்கப்படுகின்றனர். ஒரு மாத காலத்துக்குள் வெற்றியும் தோல்வியும் எழுதப்பட்டு ஏடு மூடப்படுகிறது. இந்த ஓட்டத்தில், பெயர் கொடுத்த ஊருக்கு எஞ்சுவது என்ன, புதிதாகக் களம் காணும் இளைஞனுக்குக் கிடைப்பது என்ன என்ற இரு கேள்விகளையும் எழுப்பிப் பார்க்க வேண்டியுள்ளது. மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளை நகரின் பெயரைத் தாங்கி லங்கா பிரீமியர் லீக் போட்டிகளில் ஆடிவரும் அணியின் கதை இவ்விரு கேள்விகளுக்கும் பொருத்தமான உரைகல்லாக அமைகின்றது.

2024ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதி பல்லேகல மைதானத்தில் ஐந்தாவது லங்கா பிரீமியர் லீக் தொடர் ஆரம்பமானது. முதலாவது ஆட்டத்தில் கண்டி ஃபல்கன்ஸ் அணியை எதிர்கொண்ட தம்புள்ளை சிக்ஸர்ஸ் அணி, 25 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தது. அவ்வேளையில் நியூசிலாந்தின் மார்க் சப்மனுடன் இணைந்தார், அதுவரை தேசிய அணிக்கு ஆடியிராத இளம் சகலதுறை ஆட்டக்காரர் சமிந்து விக்கிரமசிங்க. இருவரும் இறுதிவரை ஆட்டமிழக்காது நின்று 154 ஓட்டங்களைச் சேர்த்தனர். சப்மன் 91 ஓட்டங்களையும் விக்கிரமசிங்க 62 ஓட்டங்களையும் பெற, அணியின் எண்ணிக்கை 179ஐத் தொட்டது. ஆயினும் கண்டி அணி பதினெட்டாவது ஓவரிலேயே அந்த இலக்கைக் கடந்துவிட்டது. கண்டியின் அவ்வெற்றியில் பெரும்பங்கு வகித்தவர்களுள் ஒருவர் தசுன் ஷானக. 2020 முதல் 2022 வரையான மூன்று தொடர்களிலும் தம்புள்ளை அணிக்குத் தலைமை தாங்கியவர் அவரே என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

இரு நாட்களின் பின்னர் யாழ்ப்பாணம் கிங்ஸ் அணிக்கு எதிராகக் குசல் பெரேரா ஆட்டமிழக்காது சதமடித்தும் தம்புள்ளை அணி தோல்வியையே தழுவியது. ஐந்து அணிகள் பங்குபற்றி, நான்கு அணிகள் அடுத்த சுற்றுக்குச் செல்லும் தொடர் இது. எட்டு ஆட்டங்களின் முடிவில் வெளியேறிய ஒரே அணியாகத் தம்புள்ளை அமைந்தது.

ஆனால், அணியின் தோல்வி அந்த இளைஞரின் தோல்வியாக முடியவில்லை. தொடர் நிறைவடைந்த ஓரிரு நாட்களில் இந்தியாவுக்கு எதிரான இருபது20 குழாத்தில் அவரது பெயர் இடம்பெற்றது. முதலாவது லீக் ஆட்டம் நடந்த அதே பல்லேகல மைதானத்தில், ஜூலை 30ஆம் திகதி, அவர் முதன்முதலாகத் தேசிய அணியின் சீருடையை அணிந்தார். 138 ஓட்டங்கள் என்ற இலக்கை நோக்கி வலுவான நிலையில் சென்ற இலங்கை அணி, இறுதிக் கட்டத்தில் விக்கெட்டுகளை அடுத்தடுத்து இழந்து தடுமாறியது. கடைசி ஓவருக்கு ஆறு ஓட்டங்கள் தேவைப்பட்டன. இந்தியத் தலைவர் சூர்யகுமார் யாதவே பந்துவீச வந்து இரண்டு விக்கெட்டுகளைச் சாய்த்தார். எஞ்சிய பந்துகளில் இரண்டிரண்டாக ஓடி ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்தவர், அன்று முதல் ஆட்டம் ஆடிய விக்கிரமசிங்கவே. அதன் பின்னர் சுப்பர் ஓவரில் இந்தியா வென்றது வேறு கதை. ஒரு மாதத்துக்குள் லீக் அணியிலிருந்து தேசிய அணிக்கு ஒருவர் வந்து சேர இயலும் என்பதை அந்த ஜூலை மாதம் எடுத்துக்காட்டியது.

இத்தகைய தொடர்களின் உண்மையான பயன் இதுவே என நாம் கருதுகின்றோம். ஆடும் பதினொருவருள் நான்கு வெளிநாட்டு வீரர்கள் வரை இடம்பெறலாம் எனில், குறைந்தது ஏழு இடங்கள் உள்நாட்டவருக்கு உரியவை. ஐந்து அணிகளையும் சேர்த்தால் 35 இடங்கள். அந்த இடங்களில் ஆடும் இளைஞன், உலகின் பல நாட்டு வீரர்களுடன் ஒரே உடைமாற்றும் அறையில் இருந்து, நெருக்கடியான வேளைகளைத் தாங்கப் பழகுகின்றான். கழக மட்டப் போட்டிகளில் ஆண்டுக்கணக்கில் பெறும் அனுபவத்தை இங்கு அவன் வாரக்கணக்கில் பெறுகின்றான். தெரிவாளர்களின் பார்வையும் தொலைக்காட்சியின் வெளிச்சமும் அவன்மீது ஒருங்கே விழுகின்றன.

எனினும், இதே வெளிச்சத்துக்குப் பின்னால் இருளும் உண்டு. இவ்வணி 2020இல் தம்புள்ளை வைக்கிங் என்ற பெயருடன் தோன்றியது. 2021இல் ஜயன்ட்ஸ் ஆகியது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஓரா என்ற பெயரைத் தாங்கியது. 2024இல் தண்டர்ஸ் ஆகி, தொடர் ஆரம்பமாகும் முன்னரே சிக்ஸர்ஸ் ஆயிற்று. ஐந்து தொடர்களில் ஐந்து பெயர்கள்! 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், வீரர்களுக்கான ஏலம் முடிந்த கையோடு, அப்போதைய உரிமையாளர் ஆட்டநிர்ணய முயற்சி தொடர்பான குற்றச்சாட்டின் பேரில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். ஒப்பந்தம் இரத்துச் செய்யப்பட்டு, அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட நிறுவனமொன்றிடம் அணி கைமாறியது. விளையாட்டுடன் தொடர்புடைய தவறுகளைத் தடுப்பதற்கென இலங்கை 2019ஆம் ஆண்டில் தனிச் சட்டமொன்றை இயற்றியுள்ளது. பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கின்றது. சட்டம் இருந்ததனால்தான் நடவடிக்கை விரைந்து வந்தது. ஆனால், எந்த வீரரும் தவறு செய்யாத நிலையிலும், ஏலத்தில் எடுக்கப்பட்ட இளைஞர்கள் தமக்குச் சம்பளம் தரப்போவது யார் என்று அறியாது காத்திருக்க நேர்ந்தது என்பதை எவரும் மறந்துவிடலாகாது.

உரிமையாளர் ஆண்டுதோறும் மாறும் அணியில் புதியவரை வளர்க்கும் பொறுப்பு எவருக்கும் இல்லை. ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கை இதற்கு மாறான உதாரணமாகக் காட்டலாம். அங்கு முந்திய ஆண்டில் பின்தங்கிய அணிகளுக்கே புதிய வீரர்களைத் தெரிவுசெய்வதில் முன்னுரிமை கிடைக்க வாய்ப்பு அதிகம். 2023இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி, பிரான்ஸைச் சேர்ந்த விக்டர் வெம்பன்யாமாவை முதலாவதாகத் தெரிவுசெய்தது. அவரது முதற் பருவத்தில் அவ்வணி 82 ஆட்டங்களில் 22இல் மாத்திரமே வென்றது. ஆயினும் அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதை வெம்பன்யாமா ஏகமனதாக வென்றார். மறு பருவத்தில் அணியின் வெற்றிகள் 34 ஆக உயர்ந்தன. முதற் சுற்றில் தெரிவாகும் புதுமுக வீரரை நான்கு ஆண்டுகள் வரை தன்னகத்தே வைத்திருக்க அங்கு அணிக்கு வழியுண்டு. அவர் வளர்ந்தால் அணியும் வளரும் என்பதனால், தோல்விக் காலத்திலும் அவர்மீது பொறுமை காட்டப்படுகின்றது. எமது லீக்கிலோ, தொடர் முடிந்ததும் வீரர் ஒரு திசையில், பயிற்றுவிப்பாளர் ஒரு திசையில், உரிமையாளர் வேறு திசையில் எனப் பிரிந்துவிடுகின்றனர். நாற்று நட்டவரே அறுவடைக்கு இல்லாத வயலில் எருவிடுவார் யார்?

பொறுமையின் பெறுமதியைத் தம்புள்ளை மைதானமே நேரில் கண்டிருக்கின்றது. 2008ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் திகதி விராட் கோலி தமது முதலாவது ஒருநாள் சர்வதேச ஆட்டத்தை ஆடியது அங்கேதான். அன்று அவர் பெற்றவை 12 ஓட்டங்கள் மாத்திரமே. அந்த ஓர் ஆட்டத்தை வைத்து அவரை எடைபோட்டிருந்தால் கிரிக்கெட் உலகம் எதை இழந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி, பெயர் கொடுத்த ஊரின் நிலையைப் பார்ப்போம். ரங்கிரி தம்புள்ளை சர்வதேச விளையாட்டரங்கு, விகாரைக்குச் சொந்தமான காணியில் 167 நாட்களில் கட்டி முடிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கை, இங்கிலாந்து அணிகள் அங்கு முதலாவது ஒருநாள் சர்வதேச ஆட்டத்தில் மோதின. தென்மேல் பருவமழை நாட்டின் ஏனைய மைதானங்களை நனைக்கும் காலத்திலும் உலர் வலயத்திலுள்ள இம்மைதானத்தில் ஆட முடியும் என்பதே இவ்விடம் தெரிவுசெய்யப்பட்டமைக்கான முக்கிய காரணங்களில் ஒன்று. 2010ஆம் ஆண்டின் ஆசியக் கிண்ணப் போட்டிகள் அனைத்தும் இங்கேயே நடைபெற்றன. 2024 ஜூலை 28ஆம் திகதி, மகளிர் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சமரி அத்தபத்துவின் அணி இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்று முதற்தடவையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியதும் இம்மண்ணில்தான்.

இத்தனை சிறப்பு வாய்ந்த மைதானம் இருந்தும், தம்புள்ளை அணி தனது முதல் நான்கு தொடர்களில் ஓர் ஆட்டத்தையேனும் சொந்த ஊரில் ஆடவில்லை. 2020இல் பெருந்தொற்றின் காரணமாக ஆட்டங்கள் அனைத்தும் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் இன்றி நடத்தப்பட்டன. அடுத்த தொடர்கள் கொழும்பு, அம்பாந்தோட்டை, பல்லேகல ஆகிய இடங்களில் நடந்தன. 2023இல் இறுதியாட்டம் வரை முன்னேறிக் கண்டி அணியிடம் தோற்ற பருவத்திலும் சொந்த ஊரார் தமது அணியைத் தொலைக்காட்சியிலேயே கண்டனர். 2024இலேயே முதன்முறையாக லீக் ஆட்டங்கள் தம்புள்ளைக்கு வந்தன. அந்த ஆண்டோ அணி கடைசி இடத்தைப் பெற்றது.

மாத்தளை மாவட்டம் திறமைக்குப் பஞ்சமான மண் அன்று. உலகின் தலைசிறந்த துடுப்பாட்டக்காரர்களுள் ஒருவரான குமார் சங்கக்கார பிறந்தது மாத்தளையில். ஆனால் அவரது திறமை வளர்ந்தது கண்டி திரித்துவக் கல்லூரியில். மாத்தளையில் பிறக்கும் திறமை கண்டிக்கோ கொழும்புக்கோ சென்றால்தான் துலங்கும் என்ற நிலை அன்றும் இருந்தது, இன்றும் பெரிதும் மாறிவிடவில்லை. இரத்தோட்டை, உக்குவெல, எல்கடுவ போன்ற பகுதிகளின் தோட்டங்களில் வாழும் எமது பிள்ளைகளுக்கோ அந்தத் தூரம் மேலும் அதிகம். லயன்களின் முற்றத்திலும் தேயிலை மலையின் சமதரையிலும் மென்பந்து கிரிக்கெட் ஆடும் சிறுவர்களைக் காணாத தோட்டம் இல்லை. ஆனால் கடினப்பந்துக்கு மாற வேண்டுமாயின் கையுறை, காற்காப்பு, தலைக்கவசம், பயிற்றுவிப்பாளர், பயணச் செலவு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைகள் எழுகின்றன. நாட்கூலியில் வாழும் குடும்பத்தால் இவற்றைத் தாங்க இயலுமா?

வழி இல்லை என்று கைவிரிப்பதற்கில்லை. 2020ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஸ்டாலியன்ஸ் அணி, வடக்கின் இளைஞர்கள் சிலரைத் தனது குழாத்தில் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான யாழ். மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த், தமது 19ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள் அம்பாந்தோட்டையில் களமிறங்கி, அஞ்சலோ மத்யூஸின் விக்கெட்டை வீழ்த்தினார். 2023இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024 மே மாதத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக இந்தியன் பிரீமியர் லீக்கிலும் அடியெடுத்து வைத்தார். ஒரு குழாத்தில் ஒதுக்கப்பட்ட ஓர் இடம் ஒரு பிரதேசத்தின் பிள்ளைகள் அனைவருக்கும் நம்பிக்கை ஊட்டக் கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்தியன் பிரீமியர் லீக்கும் 2008இல் ஆரம்பமானபோது, ஒவ்வோர் அணியிலும் 22 வயதுக்குட்பட்ட வீரர்கள் நால்வரேனும் இருத்தல் வேண்டும் என விதித்திருந்தது.

இதனையொட்டிச் சில யோசனைகளை நாம் முன்வைக்க விரும்புகின்றோம். முதலாவதாக, அணிகளின் உரிமம் பல ஆண்டுகளுக்கு நிலைக்கும் வகையிலும், உரிமையாளரின் நிதி வலுவும் பின்னணியும் முன்கூட்டியே ஆராயப்படும் வகையிலும் ஒப்பந்தங்கள் அமைதல் வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வோர் அணியும் தான் பெயர் தாங்கும் மாவட்டத்தைச் சேர்ந்த இளைஞர் இருவரையேனும் குழாத்தில் சேர்ப்பது கட்டாயமாக்கப்படலாம். ஆடும் பதினொருவருள் இடம் கிடைக்காவிடினும், வலைப்பயிற்சியில் சர்வதேச வீரருக்குப் பந்துவீசும் வாய்ப்பே அவர்களுக்குப் பெரும் பாடமாகும். மூன்றாவதாக, சர்வதேச ஆட்டங்கள் இல்லாத மாதங்களில் தம்புள்ளை மைதானத்தின் பயிற்சி வசதிகளை மாவட்டத்தின் சிங்கள, தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் யாவற்றுக்கும் முறைவைத்துத் திறந்துவிடலாம். இவை எவையும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல.

2025ஆம் ஆண்டின் இறுதியில் நடைபெறவிருந்த லீக் தொடர், 2026 இருபது20 உலகக் கிண்ணத்துக்காக மைதானங்களைத் தயார்படுத்தும் பொருட்டு ஒத்திவைக்கப்பட்டது. இவ்வாறு கிடைக்கும் இடைவெளி விதிகளைத் திருத்தி எழுதுவதற்கு உகந்த காலமாகும். கடைசி இடத்தைப் பெற்ற ஓர் அணியிலிருந்தும் தேசிய வீரர் ஒருவர் உருவாக முடியும் எனச் சமிந்து விக்கிரமசிங்க காட்டிவிட்டார். அடுத்து வருபவர் இரத்தோட்டையிலிருந்தோ கலேவெலவிலிருந்தோ நாவுலவிலிருந்தோ வரக்கூடியவராக இருப்பின், அன்றுதான் தம்புள்ளை என்ற பெயர் சீருடையில் பொருளுடன் பொறிக்கப்பட்டதாகக் கொள்ளலாம். ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிறுவனமும் அணி உரிமையாளர்களும் இது குறித்துச் சிந்திப்பார்கள் என எதிர்பார்க்கின்றோம்.