25 வயதில் வேலையை விட்டுட்டு வெளிநாடு போகலாமா? அந்த ஒரு வருஷத்தோட உண்மையான விலை

நல்ல கம்பெனி, ஒண்ணாம் தேதி சம்பளம். ஆனா மனசு மட்டும் “ஒரு வருஷம் ஆஸ்திரேலியா போய், கிடைச்ச வேலையைப் பார்த்துக்கிட்டு ஊரைச் சுத்திப் பார்த்தா என்ன?”ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. வீட்டில் சொன்னால், “கையில இருக்குற வேலையை விட்டுட்டு இது தேவையா?” என்பார்கள். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. நாம கணக்கைப் பார்ப்போம்.

வழி இருக்கா?

இருக்கு. ஆஸ்திரேலியாவின் ‘ஒர்க் அண்ட் ஹாலிடே’ விசா, 18 முதல் 30 வயதுள்ள இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 1,000 இடங்கள் தருகிறது. குலுக்கல் முறையில் தேர்வு. 12 மாதம் தங்கலாம், வேலை பார்க்கலாம்; பொதுவாக ஒரே முதலாளியிடம் 6 மாதத்துக்கு மேல் கூடாது. பிரிட்டனின் ‘யங் புரொஃபஷனல்ஸ்’ விசாவில் 3,000 இடங்கள், 2 வருஷம்; டிகிரி வேண்டும், அதுவும் குலுக்கல்தான். கையில் காட்ட வேண்டிய பணம் ஆஸ்திரேலியாவுக்கு 5,000 டாலர், பிரிட்டனுக்கு 2,530 பவுண்டு. ரெண்டுமே கிட்டத்தட்ட 3 லட்சம் ரூபாய். விமான டிக்கெட், விசா கட்டணம் எல்லாம் தனி.

பயமுறுத்தும் 36 லட்சம்

“மாதம் 10,000 எஸ்.ஐ.பி.யை ஒரு வருஷம் நிறுத்தினால் 36 லட்சம் நஷ்டம்”னு யாராவது சொல்லுவாங்க. கணக்கு சரிதான். 1.2 லட்சம், 12% வளர்ச்சி, 30 வருஷம் என்று போட்டால் ஏறத்தாழ 36 லட்சம் வரும். ஆனா 6% பணவீக்கத்தைக் கழித்தால் இன்றைய மதிப்பில் அது சுமார் 6.3 லட்சம்தான். அதையும் ஈடுகட்டலாம். திரும்பி வந்து மாதம் 10,000-க்குப் பதிலா 11,250 போட்டால், அதே 12% கணக்கில் 30 வருஷத்தில் அந்தப் பள்ளம் நிரம்பிடும். ஒரு வருஷ இடைவெளி உங்க ஓய்வுக்காலத்தை அழிச்சிடாது.

நிஜமாவே அடி விழும் இடங்கள்

*அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீடு:* அவங்க உங்க கம்பெனி பாலிசியில் இருந்தால், நீங்க ராஜினாமா பண்ணியதும் அவங்களுக்கும் கவர் போயிடும். 60 வயதில் புது பாலிசி எடுத்தால் பிரீமியமும் அதிகம், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்ற முடியுமான்னு வேலையில் இருக்கும்போதே எச்.ஆர்.கிட்ட கேளுங்க. என்னைக் கேட்டால், இதை முடிக்காமல் ராஜினாமா கடிதமே எழுதக் கூடாது.

*பி.எஃப்.:* செலவுக்காக எடுக்காதீங்க. 5 வருஷத் தொடர் சேவை முடியும் முன் எடுத்தால் வரி உண்டு. அப்படியே விட்டுட்டு, திரும்பி வந்து சேரும் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

*வருமான வரி:* வேலைக்காக வெளிநாடு போகிற இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவா இந்தியாவில் இருந்தால் என்.ஆர்.ஐ. அதாவது செப்டம்பர் 28-க்குள் கிளம்பி, மார்ச் 31 வரை திரும்பாமல் இருந்தால், அங்கே சம்பாதிச்சு அங்கேயே வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. பலரும் கோட்டை விடுறது திரும்பி வரும் வருஷத்தில்தான். ஆகஸ்டில் வந்துட்டா அந்த நிதியாண்டில் நீங்க மறுபடி ரெசிடெண்ட். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அங்கே வாங்கிய சம்பளத்தையும், அங்கே உள்ள பேங்க் கணக்கையும் இங்கே ரிட்டர்னில் காட்டணும். அங்கே கட்டிய வரிக்குக் கிரெடிட் கேட்கலாம்.

*சூப்பர்:* ஆஸ்திரேலியாவில் முதலாளி உங்க பேரில் கட்டும் ஓய்வூதியப் பணம் இது. நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகு திரும்பக் கேட்டால், இந்த விசாக்காரர்களுக்கு 65% வரி பிடிப்பார்கள். அதை சேமிப்பா நினைச்சு பட்ஜெட் போடாதீங்க.

ரெண்டு பணம் வேணும்

ஒண்ணு போற பணம்: விசா, டிக்கெட், அங்கே வேலை கிடைக்கும்வரை சாப்பாடு, வாடகை. இன்னொண்ணு வர்ற பணம்: திரும்பி வந்து வேலை தேடும் 6 மாதத்துக்கான செலவு. இது இங்கேயே எஃப்.டி.யில் இருக்கட்டும், தொடவே கூடாது. பெரும்பாலானவங்க முதலாவதை மட்டும் சேர்த்துட்டுக் கிளம்பிடுறாங்க. வந்ததும் கையில் காசில்லாமல், கிடைச்ச சம்பளத்துக்குத் தலையாட்ட வேண்டியதாயிடுது. வருஷக் கணக்கில் இழுக்கும் உண்மையான நஷ்டம் அதுதான்.

வீட்டுச் செலவு உங்க சம்பளத்தில்தான் ஓடுதா? இ.எம்.ஐ. இருக்கா? பெர்சனல் லோன் வாங்கித்தான் போகணுமா? ஒண்ணுக்கு ‘ஆமா’ன்னாலும் இப்போ வேண்டாம். 30 வயது வரை நேரம் இருக்கு. கடனை முடிச்சுட்டுப் போங்க. மூணுக்கும் ‘இல்லை’ன்னா, ரெண்டு பணமும் தயாரா இருந்தா, காசைக் காரணம் காட்டி உங்களை நீங்களே தடுத்துக்காதீங்க. குலுக்கலுக்குப் பேரைப் பதிவு பண்ணுங்க. பேர் விழும்வரை வேலையை மட்டும் விட்டுடாதீங்க.